மனித நாட்களும் மனிதர்களும்

கட்டுமானத் துறையில் 'மனிதவள மேலாண்மை'யின் வர்க்க உள்ளடக்கம்

(கட்டுமானத் தொழிலாளர் அரங்கில் பணியாற்றும் கட்சித் தோழர்களுக்கான பயிலரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



2023 நவம்பர் 12, தீபாவளி நாளின் அதிகாலை. உத்தரகண்ட் மாநிலத்தின் உத்தரகாசி மாவட்டத்தில், சார்தாம் நெடுஞ்சாலைத் திட்டத்திற்காகக் குடையப்பட்டுக்கொண்டிருந்த சில்க்யாரா சுரங்கப்பாதையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் அடைபட்டனர். அவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, 40 பேர் என்ற விடை அதிகாரப்பூர்வமாக அளிக்கப்பட்டது. நாடு முழுவதும் அந்த எண்ணே பேசப்பட்டது. சில நாட்கள் கழிந்த பின்னர்தான் உள்ளே இருப்பவர்கள் 41 பேர் என்பது தெரியவந்தது. பீகாரைச் சேர்ந்த ஒரு தொழிலாளி முதலில் கொடுக்கப்பட்ட பட்டியலில் இடம்பெறவில்லை.

ஒரு கட்டுமானத் தளத்தில் எத்தனை மூட்டை சிமெண்ட் வந்தது, எத்தனை டன் கம்பி இறங்கியது, எத்தனை லிட்டர் டீசல் செலவானது என்பதற்கெல்லாம் அன்றாடக் கணக்கு உண்டு. சுரங்கம் எத்தனை மீட்டர் முன்னேறியது என்பதற்கும் கணக்கு உண்டு. அந்த ஷிப்டில் மலைக்குள் சென்ற மனிதர்கள் எத்தனை பேர் என்பதற்கு மட்டும் உறுதியான கணக்கு இல்லாமற்போனது. இதனை ஓர் எழுத்தரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட இயலாது. கட்டுமானத் துறையில் உழைப்புச் சக்தி எவ்வாறு திரட்டப்படுகிறது, எவ்வாறு கட்டுப்படுத்தப்படுகிறது, எவ்வாறு கைவிடப்படுகிறது என்பதன் தர்க்கரீதியான விளைவு அது. மேலாண்மைக் கல்லூரிகள் 'மனிதவள மேலாண்மை' என்று பெயர் சூட்டிக் கற்பிக்கும் பொருளின் உண்மையான வடிவத்தைக் காண வேண்டுமானால், கட்டுமானத் தளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வேளாண்மைக்கு வெளியே இந்தியாவில் மிக அதிகமான உழைப்பாளிகள் வேலை செய்யும் துறைகளில் ஒன்று கட்டுமானம். கிராமத்தில் நிலம் இழந்தவரும், நிலம் இருந்தும் சாகுபடி கட்டுப்படியாகாதவரும் முதலில் வந்து சேரும் இடமும் இதுவே. எனவே, இத்துறையில் உழைப்பு எப்படி நிர்வகிக்கப்படுகிறது என்ற கேள்வி இந்தியப் பாட்டாளி வர்க்கத்தின் மிகப் பெரிய, மிகக் குறைவாகத் திரட்டப்பட்ட ஒரு பகுதியைப் பற்றிய கேள்வியாகும்.

ஒரே தளத்தில் இரண்டு மேலாண்மைகள்

ஒரு மெட்ரோ ரயில் பணியையோ, மேம்பாலப் பணியையோ எடுத்துக்கொள்ளலாம். மேலே பணியை ஒப்படைக்கும் அரசு நிறுவனம் இருக்கும். அதன்கீழ் டெண்டர் எடுத்த பெருநிறுவனம். அந்நிறுவனம் பணியைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் துணை ஒப்பந்ததாரர்களிடம் கொடுக்கும். அவர்கள் ஆள் சப்ளை செய்யும் ஒப்பந்ததாரர்களிடம் கொடுப்பார்கள். அவர்களுக்கும் கீழே, வடமாநிலங்களில் ஜமாதார் என்றும் மேட் என்றும் அழைக்கப்படுபவர், தமிழில் மேஸ்திரி. அவர்தான் தம் ஊரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் ஆட்களை அழைத்து வருபவர்.

பெருநிறுவனத்திற்கு ஒரு மனிதவளத் துறை நிச்சயம் இருக்கும். பொறியாளர்கள், கணக்காளர்கள், மேற்பார்வையாளர்கள் ஆகியோருக்கு நியமனக் கடிதம், ஊதிய உயர்வு, விடுப்பு, பயிற்சி, காப்பீடு அனைத்தையும் அத்துறை கவனித்துக்கொள்ளும். ஆனால் கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் அடிப்பவர், கலவை சுமப்பவர் ஆகியோர் அத்துறையின் கோப்புகளில் மனிதர்களாக இடம்பெறுவதில்லை. அவர்கள் 'மனித நாட்கள்' என்ற அளவாக இடம்பெறுகிறார்கள். இத்தனை கன மீட்டர் கான்கிரீட்டிற்கு இத்தனை மனித நாட்கள் என்று திட்டமிடுவது நிறுவனத்தின் வேலை. அந்த நாட்களுக்குரிய மனிதர்களைத் தேடிக் கொண்டுவந்து, தகரக் கொட்டகையில் தங்கவைத்து, விடியலில் எழுப்பி வேலைக்கு அனுப்பி, வேலை முடிந்ததும் திருப்பி அனுப்புவது மேஸ்திரியின் வேலை.

இந்தப் பிரிவினையைப் பிற்போக்கான பழைய முறையின் எச்சம் என்று கருதுவது தவறு. மிக நவீனமான எந்திரங்களும் மென்பொருள்களும் பயன்படும் தளத்தில்தான் இது நடக்கிறது. துண்டுக்கூலி முறை இருக்குமிடத்தில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே ஒட்டுண்ணிகள் நுழைவது எளிதாகிறது என்பதையும், இடைத்தரகரின் இலாபம் முழுவதும் முதலாளி கொடுக்கும் விலைக்கும் தொழிலாளியின் கையில் சேரும் தொகைக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்தே வருகிறது என்பதையும் மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில் விளக்குகிறார். சென்ட்ரிங்குக்குச் சதுர அடிக் கணக்கு, கம்பி கட்டுவதற்கு டன் கணக்கு, பூச்சு வேலைக்குச் சதுர அடிக் கணக்கு என்று இன்றும் நடப்பது அதுதான். வேலையின் வேகத்தை மேற்பார்வையிடும் செலவுகூட முதலாளிக்கு இல்லை. கூலி முறையே மேற்பார்வையாளனாகிவிடுகிறது.

கிராமத்தில் பிறந்து தொழில்துறை வேலைக்காக ஊர் ஊராகச் செல்லும் நாடோடி உழைப்பாளர் பற்றியும் அதே நூல் பேசுகிறது. இரயில் பாதை, கட்டிடம், செங்கல், சுண்ணாம்பு, வடிகால் ஆகிய வேலைகளுக்குத் தேவைக்கேற்ப நகர்த்தப்படும் இலகுரகக் காலாட்படை என்று அவர்களை மார்க்ஸ் வர்ணித்தார். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றி எழுதப்பட்டது பலாங்கிருக்கும் கொத்தனார்களின் சொந்த ஊரான மால்டாவுக்கும் பலாமுவுக்கும் இன்று பொருந்துகிறது.

ஒரு ரூபாயின் வரலாறு

இந்தச் சங்கிலி எப்படி இயங்குகிறது என்பதற்கு உச்சநீதிமன்றத்தின் பதிவிலேயே மறுக்க முடியாத சான்று உள்ளது. 1982-இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக மைதானங்களும் மேம்பாலங்களும் விரைந்து கட்டப்பட்டன. அரசு நிறுவனங்கள் ஒப்பந்ததாரர்களிடம் பணியை ஒப்படைத்தன. ஒப்பந்ததாரர்கள் ஜமாதார்கள் மூலம் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா ஆகிய மாநிலங்களிலிருந்து ஆட்களைத் திரட்டினர். குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9.25 ரூபாய். கூலி ஜமாதார் கையில் கொடுக்கப்பட்டது. அவர் ஆளுக்கு 1 ரூபாயைத் தமது கமிஷனாகப் பிடித்துக்கொண்டு 8.25 ரூபாயைத் தொழிலாளியிடம் கொடுத்தார். பெண் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது 7 ரூபாய் மட்டுமே. ஆணிடம் கூலியில் ஒன்பதில் ஒரு பங்கும், பெண்ணிடம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கும் பறிக்கப்பட்டன.

மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான அமைப்பு தொடுத்த வழக்கில், நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு 1982 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று அத்தீர்ப்பு கூறியது. பசியும் வறுமையும் ஒருவரைக் கட்டாயப்படுத்துவதும் கட்டாயமே என்பது அதன் சாரம். ஒப்பந்ததாரர் சட்டத்தை மீறினால், பணியை ஒப்படைத்த அரசும் அதன் நிறுவனங்களும் கையைக் கழுவிவிட முடியாது என்றும் அது தெளிவுபடுத்தியது.

இந்தத் தீர்ப்பு வெளிவந்து 40 ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. அந்த ஒரு ரூபாய் மறைந்துவிடவில்லை, உருமாறியிருக்கிறது. வட இந்தியத் தளங்களில் 'கர்ச்சி' என்ற முறை பரவலாக உள்ளது. வாரந்தோறும் சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் ஒரு தொகை கொடுக்கப்படும். மீதிக் கூலி ஒப்பந்ததாரரிடமே நிற்கும். ஊருக்குத் திரும்பும்போதுதான் கணக்குத் தீர்க்கப்படும். இடையில் வேலையை விட்டால் மீதிக் கூலி போய்விடும். ஊரிலேயே 'பேஷ்கி' என்ற முன்பணம் வாங்கியிருந்தால் கட்டு இன்னும் இறுகும். கூலியை வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்ற விதி வந்த பின்னர், தொழிலாளியின் ஏடிஎம் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கமும் சேர்ந்தே வந்தது. விதி காகிதத்தில் நிறைவேறியது. பணம் பழைய வழியிலேயே சென்றது.

ஒப்பந்ததாரர் கைக்குச் சென்ற கூலி தொழிலாளியிடம் வந்து சேராதபோது, மேலே உள்ள நிறுவனம் 'அவர் எங்கள் தொழிலாளி அல்லர்' என்கிறது. துணை ஒப்பந்ததாரர் 'பில் இன்னும் வரவில்லை' என்கிறார். மேஸ்திரி தொலைபேசியை அணைத்துவிடுகிறார். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் கூலியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு கண்ணியும் பொறுப்பை அடுத்த கண்ணிக்குத் தள்ளிவிடுகிறது. முதலாளியைக் கண்ணுக்குத் தெரியாதவராக்குவதே இந்த மேலாண்மை முறையின் மையமான பணி.

மேஸ்திரியை எப்படிப் பார்ப்பது?

களப்பணியில் தோழர்கள் அடிக்கடி சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு. மேஸ்திரியை எதிர்த்துப் பேசினால் தொழிலாளர்களே முகம் சுளிக்கிறார்கள். அவர் அவர்களது ஊர்க்காரர். பல நேரங்களில் உறவினர். மகளுக்குத் திருமணம் என்றாலும் தாய்க்கு உடல்நலமில்லை என்றாலும் முன்பணம் தருபவர் அவர். மொழி தெரியாத நகரத்தில் காவலரிடம் பேசுபவரும் அவரே. வங்கியும் அரசும் தொழிற்சங்கமும் செல்லாத இடத்தில் மேஸ்திரி சென்றிருக்கிறார். இந்த உண்மையைக் காணாமல் 'இடைத்தரகரை ஒழிப்போம்' என்று முழக்கமிடுவதால் பயனில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துக்கொள்ள வேண்டும். தானும் கரண்டி பிடித்து வேலை செய்து, பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுவை வழிநடத்தும் மேஸ்திரி உழைப்பாளியே. அவரும் பல நேரங்களில் மேலேயுள்ள ஒப்பந்ததாரரால் ஏமாற்றப்படுகிறார்; அழைத்து வந்தவர்களின் சாபத்தைத் தன் தலையில் சுமக்கிறார். நூற்றுக்கணக்கானோரைப் பல தளங்களுக்குச் சப்ளை செய்து, கூலியைக் கையில் வைத்துச் சுழற்றி, உழைக்காமல் வாழும் ஆள் ஒப்பந்ததாரர் வேறு வர்க்க நிலையில் நிற்பவர். முன்னவரைச் சங்கத்தின் பக்கம் வென்றெடுக்க வேண்டும். பின்னவரைத் தனிமைப்படுத்த வேண்டும். இருவரையும் ஒன்றாகப் பார்ப்பது பெருநிறுவனத்திற்கே உதவும்; ஏனெனில், கோபம் முழுவதும் கீழே உள்ள கண்ணியிலேயே நின்றுவிடும்.

பெண் தொழிலாளியின் நிலை இந்தச் சங்கிலியில் இன்னும் கீழே உள்ளது. சித்தாளாக நுழையும் ஆண் சில ஆண்டுகளில் கொத்தனார் ஆகிறார். சித்தாளாக நுழையும் பெண் முதுமை வரை சித்தாளாகவே கலவை சுமக்கிறார். திறன் என்பது மேஸ்திரியிடமிருந்து கையோடு கற்றுக்கொள்வதாக இருக்கும் வரை, யாருக்குக் கற்றுக்கொடுப்பது என்பதை ஆணாதிக்கமே தீர்மானிக்கும். 50-க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தளத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் கூறியது. ஆனால் ஒரே தளத்தின் பெண்கள் பல ஒப்பந்ததாரர்களின் பட்டியல்களில் சிதறியிருந்தால், 50 என்ற எண் எந்தப் பட்டியலிலும் வராது. மணல் குவியலின் நிழலில் உறங்கும் குழந்தைக்குப் பின்னால் இருப்பது இந்த எண் விளையாட்டு.

எண்ணத் தெரியாதவர்கள் அல்லர்

பல மாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்களைக் கணக்கெடுப்பது நடைமுறையில் கடினம் என்று அரசும் நிறுவனங்களும் கூறுவதுண்டு. 2020-ஆம் ஆண்டின் பொதுமுடக்கக் காலம் இந்த வாதத்தின் பொய்மையை வெளிப்படுத்தியது.

ஒரு பக்கம், ஊருக்குத் திரும்பும் வழியில் உயிரிழந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அத்தகைய விவரம் இல்லை என்று 2020 செப்டம்பரில் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் நாடாளுமன்றத்தில் பதிலளித்தது. ஊர் திரும்பியவர்கள் 1 கோடிக்கும் மேல் என்பதை மட்டும் அதே அரசு சொன்னது.

மறுபக்கம், 2020 மே மாதத் தொடக்கத்தில் கர்நாடகத்தில் நடந்ததை நினைவுகூர வேண்டும். அன்றைய பாஜக முதலமைச்சர் எடியூரப்பாவைக் கட்டுமான நிறுவன உரிமையாளர்கள் சந்தித்தனர். தொழிலாளர்கள் ஊருக்குச் சென்றுவிட்டால் பணிகள் நின்றுவிடும் என்பது அவர்களின் கவலை. அதனைத் தொடர்ந்து, தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்களை ரத்து செய்யுமாறு மாநில அரசு ரயில்வேயிடம் கேட்டுக்கொண்டது. கூலி நின்றுபோய், உணவின்றித் தவித்த மனிதர்கள் வீடு திரும்பும் உரிமை ஒரு கடிதத்தால் பறிக்கப்பட்டது. இடதுசாரிகளும் தொழிற்சங்கங்களும் ஜனநாயக சக்திகளும் எழுப்பிய கண்டனத்தின் பின்னர், சில நாட்களில் அந்த முடிவு கைவிடப்பட்டது.

இறந்தவர்களை எண்ண முடியாத அமைப்பால், தேவைப்படும் உழைப்புச் சக்தி நகரத்தை விட்டு வெளியேறுவதைத் துல்லியமாகக் கணக்கிட முடிந்தது. மனிதர்களை எண்ணுவது செலவு. மனித நாட்களை எண்ணுவது இலாபம்.

இதே அரசுதான் பின்னர் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் மேஸ்திரியாகவும் மாறியது. 2023 அக்டோபருக்குப் பிறகு பாலஸ்தீனத் தொழிலாளர்களை இஸ்ரேல் வேலையிலிருந்து அகற்றியது. அந்த இடத்தை நிரப்ப, இந்தியாவிலிருந்து கட்டுமானத் தொழிலாளர்களை அனுப்பும் பணியில் ஹரியானா, உத்தரப் பிரதேச அரசுகள் இறங்கின. ஹரியானா அரசின் வேலைவாய்ப்பு நிறுவனம் 10,000 இடங்களுக்கு விளம்பரம் செய்தது. போர் நடக்கும் நாட்டிற்கு, அதுவும் ஆக்கிரமிப்புக்கு உள்ளான மக்களின் வேலையைப் பறித்து உருவாக்கப்பட்ட இடத்திற்கு, இந்தியத் தொழிலாளியை அனுப்பக்கூடாது என்று மத்தியத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அப்போதும் தேர்வு மையங்களில் இளைஞர்கள் வரிசையில் நின்றனர். உள்நாட்டுக் கட்டுமானத் தளம் அவர்களுக்கு என்ன கொடுத்திருக்கிறது என்பதற்கு அந்த வரிசையே சாட்சி.

சட்டம் வந்த வழி

கட்டுமானத் தொழிலாளருக்கான சட்டங்கள் எதுவும் ஆளும் வர்க்கத்தின் கருணையால் வந்தவை அல்ல. ஒரிசாவில் 'தாதன்' என்று அழைக்கப்பட்ட ஆள்பிடிப்பு முறை இருந்தது. சர்தார்கள் கிராமங்களில் ஆள் சேர்த்து, தொலைதூர அணைக்கட்டு, சாலைப் பணிகளுக்கு அனுப்பினர். மாதந்தோறும் கூலி என்ற வாக்குறுதி அங்கே சென்றதும் மறக்கப்பட்டது. அந்தக் கொடுமைகள் வெளிப்பட்டதன் விளைவே 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம். 5 தொழிலாளர் இருந்தாலே அது பொருந்தியது. மாதக் கூலியில் பாதியளவு இடப்பெயர்வுப் படியும், போக வரப் பயணப்படியும் தர வேண்டும் என்று அது கூறியது.

தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளருக்கென 1982-இல் தனிச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. அகில இந்திய அளவில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் இயங்கிய தேசியப் பிரச்சாரக் குழுவும், தொழிற்சங்கங்களும் நீண்ட காலம் போராடியே 1996-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தையும் நல வரிச் சட்டத்தையும் பெற்றன. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல வரியாக வசூலிக்கப்பட்டு, மாநில நல வாரியங்களுக்குச் செல்கிறது.

இந்த வரியின் கருத்து மிக முக்கியமானது. தொழிலாளி இடம் மாறுவார், ஒப்பந்ததாரர் மாறுவார், ஆனால் கட்டிடம் நகராது. எனவே கட்டிடத்தைப் பிடித்துக்கொண்டு அதன் மதிப்பிலிருந்து தொழிலாளியின் சமூகப் பாதுகாப்புக்கு நிதி திரட்டுவது என்பது, சங்கிலியில் ஒளிந்துகொள்ளும் முதலாளியை அவருடைய சொத்தின் வழியே கண்டுபிடிக்கும் முறை. அதனால்தான் அதன் மீது இவ்வளவு தாக்குதல்.

வசூலான பணம் என்னவாயிற்று? 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, அதுவரை வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கும் மேல். செலவிடப்பட்டது ஏறத்தாழ 9,500 கோடி ரூபாய் மட்டுமே. தொழிலாளர் பெயரில் மடிக்கணினியும் சலவை எந்திரமும் வாங்கிய கணக்குகளும் அந்த வழக்கில் வெளிவந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து, பொதுமுடக்கத்தின் தொடக்கத்தில், இந்த நிதியைத்தான் தொழிலாளர்களுக்கான நிவாரணமாக ஒன்றிய நிதியமைச்சர் அறிவித்தார்: 3.5 கோடி பதிவு பெற்ற தொழிலாளர், 31,000 கோடி ரூபாய் நிதி. தொழிலாளியின் சொந்தப் பணம் அரசின் கொடையாகக் காட்டப்பட்டது. பதிவு பெறாதவர்களுக்கு அதுவும் இல்லை. கடந்த 12 மாதங்களில் 90 நாட்கள் வேலை செய்ததற்கான சான்று இருந்தால்தான் பதிவு. சான்று தர வேண்டியவரோ, தனக்கும் தொழிலாளிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்.

சட்டம் போகும் வழி

2019-லும் 2020-லும் நிறைவேற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு முன்பு 20 பேர் இருந்தால் பொருந்தும்; இப்போது 50 பேர் வேண்டும். புலம்பெயர் தொழிலாளர் பாதுகாப்புக்கு முன்பு 5 பேர். இப்போது 10 பேர். இடப்பெயர்வுப் படி மறைந்துவிட்டது. சொந்தக் குடியிருப்புக்கான கட்டுமானத்தில் 10 லட்சம் ரூபாய் வரை இருந்த விலக்கு 50 லட்சமாக உயர்த்தப்பட்டுள்ளது. நல வரியை வேலையளிப்பவரே சுயமாக மதிப்பிட்டுச் செலுத்தலாம். ஆய்வாளர் இனி 'ஆய்வாளர் மற்றும் உதவியாளர்'. முதலாளிக்கு உதவுவதும் அவரது கடமை. நிறுவனத்தின் மையமான பணிகளில் ஒப்பந்த முறை கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் வழக்கமாக ஒப்பந்ததாரர் மூலமே செய்யப்படும் பணிக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. கட்டுமானத்தில் எந்தப் பணி ஒப்பந்ததாரர் மூலம் செய்யப்படுவதில்லை?

இந்த எண்களை உலர்ந்த சட்ட நுணுக்கமாகக் கருதக் கூடாது. 20 என்பது 50 ஆகும்போது, 49 பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கும் கலை வளரும். சங்கிலியில் இன்னொரு கண்ணியைச் சேர்ப்பதற்குச் சட்டமே ஊக்கமளிக்கிறது. 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்திலும், தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததும் நவம்பர் 26-இல் நடந்த கண்டனப் போராட்டங்களிலும் தொழிலாளி வர்க்கம் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. அந்த இயக்கங்களின் செய்தி கட்டுமானத் தளத்தின் தகரக் கொட்டகைக்குள் எவ்வளவு தூரம் சென்றது என்பதைத் தோழர்கள் நேர்மையாக மதிப்பிட வேண்டும்.

வேறு வழி உண்டு

'கட்டுமானம் இடம் மாறும் தொழில், வேலை நிலையற்றது, நேரடியாக ஆள் வைத்துக்கொள்வது சாத்தியமில்லை' என்பது நிறுவனங்களின் கடைசி வாதம். இதற்கு நூறு ஆண்டு வயதுடைய மறுப்பு கேரளத்தில் உள்ளது.

கோழிக்கோடு மாவட்டம் வடகரைக்கு அருகில், சமூக சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் ஆத்மவித்யா சங்கத்தைப் பின்பற்றியவர்களுக்குச் சாதி ஆதிக்கத்தினர் வேலை தர மறுத்தனர். அந்தத் தொழிலாளர்கள் 1925-இல் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். அதுவே இன்றைய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். கிராமச் சாலைகளில் தொடங்கிய அச்சங்கம் இன்று பாலங்களையும் தேசிய நெடுஞ்சாலையையும் கட்டுகிறது. காசர்கோடு மாவட்டத்தில் தலப்பாடி முதல் செங்கள வரையிலான நெடுஞ்சாலை விரிவாக்கப் பணியும் அதனுடையதே. ஆயிரக்கணக்கான தொழிலாளர் அங்கு வேலை செய்கிறார்கள். இயக்குநர் குழுவைத் தொழிலாளர் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, போனஸ், மருத்துவ உதவி உண்டு.

ஒரு தளத்தில் வேலை முடிந்தால் அடுத்த தளத்திற்குத் தொழிலாளர்கள் மாற்றப்படுகிறார்கள். நிலையற்றது தனித்தனித் தளத்தின் வேலைதான். தொடர்ந்து டெண்டர் எடுக்கும் நிறுவனத்திடம் வேலை ஆண்டு முழுவதும் இருக்கிறது. ஊராளுங்கல் அந்த உண்மையின் மீது நிற்கிறது. பெருநிறுவனங்கள் அதே உண்மையை மறைத்துப் பிழைக்கின்றன.

கூட்டுறவே எல்லாவற்றுக்கும் தீர்வு என்று கூற முடியாது. மிகக் குறைந்த விலை கேட்பவருக்கே பணி என்ற டெண்டர் முறை நீடிக்கும் வரை, கூலியைக் குறைப்பவரே போட்டியில் முந்துவார். கேரள அரசின் கொள்கை ஆதரவின்றி அச்சங்கம் இவ்வளவு வளர்ந்திருக்க முடியாது. இடது ஜனநாயக முன்னணி அரசு 2010-இல் நாட்டிலேயே முதன்முறையாகப் புலம்பெயர் தொழிலாளர் நலத் திட்டத்தைக் கொண்டுவந்ததும், பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் அவர்களுக்கெனத் தங்குமிடம் கட்டியதும் அதே திசையிலான நடவடிக்கைகள். அரசியல் உறுதி இருந்தால் உழைப்பை வேறு விதமாக ஒழுங்கமைக்க முடியும் என்பதே இதன் பாடம்.

உடனடிக் கடமைகள்

முதலாவது, பெயர். ஒவ்வொரு லேபர் சௌக்கிலும், தளத்தை ஒட்டிய ஒவ்வொரு குடியிருப்பிலும் சங்கத்தின் சொந்தப் பதிவேடு வேண்டும். தொழிலாளியின் பெயர், சொந்த மாவட்டம், தளம், மேஸ்திரி, ஒப்பந்ததாரர், முதன்மை நிறுவனம் ஆகிய ஆறு விவரங்கள் போதும். கூலி பாக்கி வழக்கிலும், விபத்து இழப்பீட்டு வழக்கிலும் முதலில் கேட்கப்படும் கேள்வி 'அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு என்ன சான்று' என்பதே. நிறுவனம் வைக்காத பதிவேட்டைச் சங்கம் வைக்க வேண்டும்.

இரண்டாவது, பொறுப்பு. கூலி பாக்கி, விபத்து, தங்குமிடம் எதுவானாலும் கோரிக்கை மனு முதன்மை நிறுவனத்திற்கும் பணியை ஒப்படைத்த அரசுத் துறைக்கும் செல்ல வேண்டும். மேஸ்திரியோடு பேசி முடித்துவிடும் பழக்கம் சங்கிலியை ஏற்றுக்கொள்வதாகும். ஒப்பந்ததாரர் தராத கூலிக்கு முதன்மை நிறுவனமே பொறுப்பு என்ற கோட்பாடு போராடிப் பெற்றது. பயன்படுத்தாவிட்டால் அது மறைந்துபோகும்.

மூன்றாவது, நல வாரியம். பதிவு, புதுப்பித்தல், 90 நாள் சான்று ஆகியவற்றில் உதவுவது தரகர்களின் வேலையாகிவிட்டது. அதைச் சங்கம் மீட்டெடுக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவு செய்தவர் மற்றொரு மாநிலத்தில் பயன்பெறும் உரிமைக்கான கோரிக்கையை முன்னிறுத்த வேண்டும். பதிவுக்கு உதவும் சங்கத்தோடு நின்றுவிடாமல், தளத்தில் கூலிக்கும் பாதுகாப்புக்கும் போராடும் சங்கமாக அது வளர வேண்டும்.

நான்காவது, மொழி. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பெங்களூருக்குச் சென்று கட்டிடங்களை எழுப்பிய தமிழ்த் தொழிலாளர், அங்கே 'வெளியூர்க்காரர்' என்ற ஏச்சைக் கேட்டவர்கள். அதே ஏச்சு இன்று தமிழ்நாட்டில் இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் தொழிலாளர் மீது விழுகிறது. 2023 மார்ச்சில் பொய்க் காணொளிகள் பரப்பப்பட்டபோது, அச்சத்தில் மூட்டை கட்டியவர்களில் கட்டுமானத் தொழிலாளர்களும் இருந்தனர். உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைக் குறைப்பவர் வெளிமாநிலத் தொழிலாளி அல்லர். இருவரையும் ஒருவருக்கெதிராக ஒருவரை நிறுத்தி இலாபம் ஈட்டும் நிறுவனமே. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற முழக்கம் இருவரையும் காக்கும். சங்கத்தின் துண்டறிக்கை அவர்களின் மொழியிலும் அச்சாக வேண்டும். அவர்களிடையேயிருந்தே முன்னணி ஊழியர்கள் உருவாக வேண்டும்.

சில்க்யாராவில் 17 நாட்களுக்குப் பின்னர் 41 பேரும் உயிருடன் மீண்டனர். குடையும் எந்திரம் உடைந்து நின்றபோது, கடைசிச் சில மீட்டர்களைக் கையால் குடைந்து வழி திறந்தவர்கள் 'எலிவளை'த் தொழிலாளர் 12 பேர். வேறு வேறு மாநிலங்களிலும் மதங்களிலும் பிறந்த உழைப்பாளிகள் அவர்கள். மூன்று மாதங்கள் கழித்து, 2024 பிப்ரவரியில், அவர்களில் ஒருவரின் வீட்டை ஆக்கிரமிப்பு என்று கூறி டெல்லி வளர்ச்சி ஆணையம் இடித்தது. பணி முடிந்ததும் உழைப்பாளியை மறந்துவிடுவது இந்த அமைப்பின் இயல்பு. உழைப்பாளியின் பெயரை நினைவில் வைத்திருப்பதும், அந்தப் பெயரைக் கூலிப் பதிவேட்டிலும் நல வாரியப் பட்டியலிலும் சங்கத்தின் உறுப்பினர் அட்டையிலும் ஏற்றுவதும் செங்கொடி இயக்கத்தின் வேலை. அந்த வேலை மாநாட்டுத் தீர்மானத்தில் தொடங்கினாலும், விடியற்காலை 6 மணிக்கு லேபர் சௌக்கில்தான் நடந்தாக வேண்டும்.